ஏற்காட்டின் சூடான சாக்லேட்: குற்றாலம் முதல் சேர்வராயன் மலை வரை

சூடான சாக்லேட் என்பது கொக்கோவைப் பாலிலோ நீரிலோ கரைத்து, இனிப்புச் சேர்த்துச் சூடாகப் பருகும் பானம். சேலம் மாவட்டத்தின் ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் பிற பகுதிகளிலும் மார்கழி, தை மாதங்களில் வரும் பயணிகள் இதை விரும்பிக் கேட்கின்றனர். மலைக்கடைகளில் காப்பித்தூள், மிளகு, தேன் ஆகியவற்றுக்கு அருகிலேயே ‘ஹோம்மேட் சாக்லேட்’ பொட்டலங்களும் அடுக்கப்பட்டிருக்கும். இதைக் காண்பவர்கள், காப்பியைப் போலவே கொக்கோவும் இம்மலையில்தான் விளைகிறது என்று எண்ணிக்கொள்வது உண்டு. உண்மையில் கொக்கோ மரம் ஏற்காட்டுக் குளிரைத் தாங்காது. அது வளர்வது பொள்ளாச்சி போன்ற வெப்பமான ஊர்களின் தென்னந்தோப்பு நிழலில். மலைமேல் பருகப்படும் இந்தப் பானத்தின் மூலப்பொருள் சமவெளியில் விளைகிறது. இந்த முரணின் பின்னால் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

மலையும் அதன் பழைய பானங்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரவேண்டும். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் பெயர் விளக்கம். மலையின் உயர்ந்த பகுதியில் சேர்வராயன் கோயில் உள்ளது.

இம்மலையின் தொல்குடிகள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர். பெயர் ஒன்றாக இருப்பினும் இவர்கள் கேரள மக்கள் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் இப்பெயர் வந்தது என்பர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இவர்களின் பழைய பயிர்கள். காப்பியும் கொக்கோவும் வருவதற்கு முன்பு குளிர்காலை வேளையில் வயிற்றுக்குச் சூடு தந்தவை கூழும் கஞ்சியுமே. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் சுக்கு, மல்லி, கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சிய நீர் அந்த இடத்தைப் பெற்றிருந்தது. காப்பிக்கொட்டை சேராத அந்தப் பானத்துக்கே பிற்காலத்தில் ‘சுக்குக் காப்பி’ என்று பெயர் வந்தது. காப்பி எந்த அளவுக்குத் தமிழர் வாழ்வில் ஊன்றியது என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

குற்றாலத்துக்கு வந்த கொக்கோ

தமிழ் மண்ணில் கொக்கோ காலூன்றிய கதை பலருக்கும் வியப்பளிக்கக்கூடியது. இந்தியாவில் கொக்கோ முதன்முதலாக நடப்பட்ட இடம் குற்றாலம், ஆண்டு 1798. கிழக்கிந்தியக் கம்பெனியே அதை அங்கே கொண்டுவந்தது.

கொக்கோவின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலக் காடுகள். மாயர்களும் அஸ்டெக்குகளும் அதன் விதையை வறுத்து, அரைத்து, நீரில் கலந்து பருகினர். 16ஆம் நூற்றாண்டில் அது ஸ்பெயினுக்குச் சென்றது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொக்கோச் செடியைத் தங்கள் வசமிருந்த பிலிப்பைன்ஸ் தீவுகளில் நட்டனர். அங்கிருந்து அது தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் பரவியது. கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் பெயர்பெற்ற அம்பாய்னா தீவு அப்போது டச்சுக்காரர் கையில் இருந்தது. 1796இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைப்பற்றினர். அதுவரை டச்சுக்காரர் காத்துவந்த நறுமணப் பயிர்கள் கம்பெனியின் கைக்கு எட்டின. சாரல் பொழியும் குற்றாலத்தில் அவற்றைப் பயிரிட்டுப் பார்க்கத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அம்பாய்னாவிலிருந்து கொக்கோவும் அங்கு வந்தது. அது ‘கிரியோல்லோ’ என்னும் உயர்ந்த, ஆனால் நோய்க்கு எளிதில் இரையாகும் வகை.

சேர்வராயன் மலையில் காப்பி நடப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்துக்குக் கொக்கோ வந்துவிட்டது. ஆயினும் வீடுதோறும் புகுந்தது காப்பிதான். குற்றாலத்துக் கொக்கோ தோட்டப் பயிர் என்ற நிலையைத் தாண்டவில்லை.

சேர்வராயன் மலையில் காப்பி

1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியாகச் சேலம் பகுதி கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. 1820 முதல் 1829 வரை சேலத்தின் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பேரி முதலிய பழமரங்களையும் அவரே கொண்டுவந்தார். ‘ஏற்காட்டின் தந்தை’ என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கிரேஞ்ச் தோட்டம் இன்றும் ஏற்காட்டின் அடையாளங்களுள் ஒன்று.

அடுத்துவந்த பத்தாண்டுகளில் மலைச்சரிவுகள் காப்பித் தோட்டங்களாயின. நிழலுக்காகச் சில்வர் ஓக் மரங்கள் நடப்பட்டன. அவற்றின்மேல் மிளகுக்கொடி படர்ந்தது. இடையிடையே ஆரஞ்சும் வாழையும் வளர்ந்தன. குளிர்ந்த காற்றையும் அளவான மழையையும் விரும்பும் அராபிக்கா வகைக் காப்பிக்கு இம்மலை ஏற்றதாக இருந்தது. இந்தியக் காப்பி வாரியம் இன்று ‘ஷெவராய்ஸ்’ என்பதைத் தனியொரு காப்பிப் பகுதியாகவே வகைப்படுத்துகிறது.

கொக்கோவின் தேவை இதற்கு நேர்மாறானது. அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 20 பாகைக்குள் வளரும் மரம். ஆண்டு முழுவதும் வெப்பம், ஈரம், நிழல் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். குளிர் நீடித்தால் காய்ப்பு குன்றும். எனவே ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள் காப்பியைத் தேர்ந்தெடுத்தது வெறும் விருப்பத்தால் அன்று. மலையின் உயரமே அதைத் தீர்மானித்தது.

விதை தூளான கதை

கொக்கோ இல்லங்களுக்குள் நுழையத் தாமதித்ததற்குத் தட்பவெப்பத்தைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. காப்பிக்கொட்டையை வீட்டு வாணலியில் வறுத்து, கையால் சுற்றும் அரைவையில் பொடித்து, துணியில் வடிகட்டினால் டிகாக்‌ஷன் கிடைத்துவிடும். கொக்கோ அவ்வளவு எளிதில் வசப்படாது. காயை உடைத்தால் வெண்ணிறச் சதை சூழ்ந்த 30 முதல் 40 விதைகள் இருக்கும். அவற்றை ஐந்து முதல் ஏழு நாள்கள் குவித்துவைத்துப் புளிக்கச் செய்ய வேண்டும். பின்பு வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைக்க வேண்டும். பருப்பின் எடையில் பாதியளவு கொழுப்பு. ஆகையால் அரைத்தால் பொடி கிடைக்காது, விழுதே கிடைக்கும். அதை நீரில் கலந்தால் எண்ணெய் மேலே மிதக்கும்.

மெக்சிகோவின் பெண்கள் அம்மியைப் போன்ற ‘மெடாட்டே’ என்னும் கல்லில் இந்த விழுதை அரைத்தனர். மிளகாயும் சேர்த்துக்கொண்டனர். பானத்தை ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு உயரத் தூக்கி ஊற்றி நுரை எழுப்பினர். இக்காட்சி மாயர்களின் பழைய மட்கலம் ஒன்றில் ஓவியமாகவே இருக்கிறது. டபராவிலும் டம்ளரிலும் காப்பி ஆற்றும் தமிழருக்கு இந்த முறை அந்நியமானதாகத் தோன்றாது.

1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். கொழுப்பு குறைந்த பிண்ணாக்கைப் பொடித்தால் எளிதில் கரையும் கொக்கோத்தூள் கிடைத்தது. பிழிந்த கொழுப்பைக் கூடுதலாகச் சேர்த்து 1847இல் இங்கிலாந்தின் ஃபிரை நிறுவனம் கட்டிச் சாக்லேட்டை வார்த்தது. 1824இல் பர்மிங்காமில் தேயிலை, காப்பி, குடிக்கும் சாக்லேட் ஆகியவற்றை விற்கும் கடையைத் திறந்த ஜான் காட்பரியின் குடும்பம், 1866இல் வான் ஹூட்டன் எந்திரத்தின் உதவியோடு தூய கொக்கோத்தூளை விற்கத் தொடங்கியது. ஃபிரை, காட்பரி ஆகிய இரு குடும்பங்களும் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவை. மதுவுக்கு மாற்றான பானமாகக் கொக்கோவை அவர்கள் கருதினர்.

பறித்த கை, பருகிய கை

1869இல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் அங்கிருந்த காப்பித் தோட்டங்கள் அழிந்தன. தோட்ட முதலாளிகள் தேயிலை, சின்கோனா ஆகியவற்றோடு கொக்கோவையும் முயன்று பார்த்தனர். மாத்தளை, தும்பறைப் பகுதிகளில் கொக்கோத் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து சென்ற தொழிலாளர்களின் உழைப்பு இந்தத் தோட்டங்களுக்கும் பயன்பட்டது. விளைந்த கொக்கோ கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றது. தமிழர் வீட்டில் கொக்கோ பானம் அறிமுகமாவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழர் கைகள் கொக்கோக் காயைப் பறித்திருக்கின்றன.

ஏற்காட்டில் ஐரோப்பியக் குடியிருப்புகளோடு உறைவிடப் பள்ளிகளும் வந்தன. குளூனி புனித வளனார் சபைக் கன்னியர் நடத்தும் திருஇருதயப் பள்ளி 1894இலும், புனித கபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இலும் தொடங்கின. அக்காலத்தில் கொக்கோத்தூள் கடல் கடந்து தகர டப்பாவில் வரும் பொருள். அதை விலை கொடுத்து வாங்க இயன்றவர்கள் சிலரே. தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு அது எட்டாப் பொருளாகவே இருந்தது.

கொக்கோவின் இரண்டாம் வருகை

தமிழ் நடுத்தரக் குடும்பங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காப்பி வேரூன்றியது. அதன் பண்பாட்டு வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். கொக்கோ நுழைந்த வழி வேறு. அது குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துப் பானமாக, மால்ட் கலந்த தூளாக வந்தது. 1948இல் காட்பரி நிறுவனம் இந்தியாவில் கால்பதித்தது. போர்ன்விட்டாவும் பின்னர் 1970களில் பூஸ்டும் பரவலாயின. பெரியவர்களுக்குக் காப்பி, பிள்ளைகளுக்குக் கொக்கோ கலந்த பால் என்னும் பங்கீடு அப்போது உருவாயிற்று.

உள்நாட்டிலேயே கொக்கோ விளைவிக்கும் முயற்சி 1965இல் காட்பரி நிறுவனத்தால் வயநாட்டில் தொடங்கியது. கேரள, கர்நாடக உழவர்கள் தென்னை, பாக்குத் தோப்புகளில் கொக்கோவை ஊடுபயிராக நட்டனர். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை சரிந்தது. வாங்குவோர் இன்றிப் பலர் மரங்களை வெட்டினர். அந்த நெருக்கடியில் பாக்கு உழவர்களின் கூட்டுறவு அமைப்பான காம்ப்கோ கொக்கோவையும் வாங்க முன்வந்தது. 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் அது தன் சாக்லேட் ஆலையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தென்னந்தோப்புகளில் கொக்கோ பரவியது.

இப்பயிரின் விலை இன்றும் ஊசலாடுகிறது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்கே நோயும் பருவநிலையும் விளைச்சலைக் குறைத்ததால், 2024இல் உலகச் சந்தையில் ஒரு டன் கொக்கோ 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கியது. ஏற்காட்டில் ஒரு கோப்பைச் சாக்லேட்டின் விலையில் மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்கும் பங்கு உண்டு.

‘வீட்டுத் தயாரிப்பு’ என்னும் சொல்

மலைவாழிடங்களில் விற்கப்படும் ‘ஹோம்மேட் சாக்லேட்’ பெரும்பாலும் கொக்கோ விதையிலிருந்து தொடங்குவதில்லை. ஆலையில் செய்த பெருங்கட்டிகளை வாங்கி, உருக்கி, முந்திரியோ உலர்திராட்சையோ சேர்த்து, அச்சில் வார்ப்பதே வழக்கமான முறை. அந்தக் கட்டிகளில் இரு வகை உண்டு. ஒன்று கொக்கோ வெண்ணெய் உள்ள சாக்லேட். மற்றொன்று கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த ‘காம்பவுண்ட்’. இரண்டாவது மலிவானது, வெயிலில் எளிதில் உருகாதது, அச்சில் வார்க்கத் தனித் தேர்ச்சி வேண்டாதது. கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில், அதாவது உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். வாயிலிட்டதும் கரைவது அதனால்தான். காம்பவுண்ட் மெழுகுபோல் நாவில் தங்கும். வாங்குவோர் உறையில் உள்ள உட்பொருள் பட்டியலைப் படித்தால் வேறுபாடு விளங்கும்.

உண்மையான வீட்டுத் தயாரிப்புக்கு வழி திறந்தது தமிழர் சமையலறைக் கருவியே. இட்லி மாவு அரைக்கும் மேசை வெட் கிரைண்டரில் கொக்கோப் பருப்பை மணிக்கணக்கில் அரைத்தால் வழவழப்பான சாக்லேட் கிடைக்கும் என்பதைச் சிறு தயாரிப்பாளர்கள் 2000களில் கண்டறிந்தனர். அமெரிக்கா முதலிய நாடுகளிலும் சிறிய சாக்லேட் பட்டறைகள் இந்திய வெட் கிரைண்டரைப் பயன்படுத்தத் தொடங்கின. பிறகு அதற்கென்றே சற்று மாற்றியமைத்த எந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. எந்திரம் இல்லாததால் ஒரு காலத்தில் வீட்டுக்குள் வராத கொக்கோவுக்கு, புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரின் உறவுக் கருவிகள் வழி காட்டியுள்ளன. தோப்புக்கு அருகிலேயே விதையைப் புளிக்கவைத்துச் சாக்லேட் செய்யும் முயற்சிகள் இன்று தென்னிந்தியாவில் நடக்கின்றன.

செய்முறை

கொழுமையான சூடான சாக்லேட்டை வீட்டில் செய்யும் முறை வருமாறு. அளவு நான்கு பேருக்கு உரியது.

பால் 700 மி.லி., நீர் 100 மி.லி., இனிப்புச் சேராத கொக்கோத்தூள் 4 மேசைக்கரண்டி, கொக்கோ வெண்ணெய் உள்ள கரும் சாக்லேட் 80 கிராம், சர்க்கரை 3 மேசைக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, மிளகு நான்கு, உப்பு ஒரு சிட்டிகை.

முதலில் கொக்கோத்தூளையும் சர்க்கரையையும் சூடான நீரில் கட்டியின்றிக் குழைக்க வேண்டும். உலர்ந்த தூளை நேராகப் பாலில் கொட்டினால், அதிலுள்ள கொழுப்பினால் நனையாமல் உருண்டு மிதக்கும். பாலில் பட்டையையும் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகையும் இட்டுக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். அதில் கொக்கோக் குழம்பை ஊற்றி, சிறு தீயில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். தூளிலுள்ள மாவுச்சத்து வெந்து பானம் கெட்டிப்படும். அடுப்பை அணைத்த பின்பே நறுக்கிய சாக்லேட்டையும் உப்பையும் சேர்த்துக் கலக்க வேண்டும். சாக்லேட் நேரடித் தீயில் அடிபிடித்துக் கசக்கும். இறுதியாக இரு பாத்திரங்களுக்கிடையே உயரத் தூக்கி ஆற்றினால் மேலே நுரை கட்டும்.

சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி சேர்ப்பதாயின், அதைத் தனியே கரைத்து வடிகட்டி, பானத்தை இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் சேர்த்தால் பால் திரியக்கூடும். ஏற்காட்டின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். எனவே சமவெளியைவிட ஒரு நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிடுவது நல்லது.

இந்தக் கோப்பையில் மிளகு சேர்வராயன் மலையின் பங்களிப்பு. கொக்கோ பொள்ளாச்சியிலிருந்து வரலாம். மெக்சிகோவினர் மிளகாய் சேர்த்த இடத்தில் தமிழ்நாட்டு மிளகு அமர்ந்துகொள்கிறது.

விடுமுறையும் அறுவடையும்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைகள் பயணிகளை ஏற்காட்டுக்கு அழைத்துவரும் காலம். அதே காலம்தான் அராபிக்கா காப்பியின் அறுவடைக் காலமும். ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழுத்த பழங்களை மட்டும் தேர்ந்து கையால் பறிக்க வேண்டும். ஒரே செடிக்குப் பலமுறை திரும்பவேண்டியிருக்கும். விடுதியின் சன்னலருகே ஒருவர் கோப்பையைக் கையில் ஏந்தும் அதே காலையில், பனியில் நனைந்த செடிகளுக்கிடையே இடுப்பில் கூடை கட்டிய பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். தோட்டத்தில் அது விடுமுறைக் காலம் அன்று. ஆண்டின் மிகக் கடுமையான வேலைக்காலம்.

சூடான சாக்லேட் ஏற்காட்டின் பழம்பெரும் மரபு அன்று. அது அயல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமையும் அன்று. 1798இல் குற்றாலத்தில் இறங்கி, இலங்கைத் தோட்டங்களில் தமிழர் கைபட்டு, தகர டப்பாவில் திரும்பிவந்து, பொள்ளாச்சித் தோப்பில் மீண்டும் வேர்விட்ட பயிரின் பானம் அது. ‘வீட்டுத் தயாரிப்பு’ என்ற பெயருக்கு அது தகுதி பெற வேண்டுமானால், விதை எந்தத் தோப்பில் விளைந்தது, அதற்கு உழவர் என்ன விலை பெற்றார், கட்டியில் இருப்பது கொக்கோ வெண்ணெயா வேறு கொழுப்பா என்ற மூன்று கேள்விகளுக்கும் விற்பவரிடம் விடை இருக்க வேண்டும். அவற்றைக் கேட்கும் பழக்கம் வாங்குபவரிடமிருந்துதான் தொடங்க முடியும்.